விளிம்புக்கு வெளியே ஒரு நட்சத்திரம்

பெங்களூரு,
18 ஜனவரி 2024

அன்புள்ள ஜுனைதா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உம்மாவின் கையில், காலில் ஏதாவது முன்னேற்றம் உண்டா? மின்ஹாவுக்கும் சஃபாவுக்கும் சளி விட்டதா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனி எதுவானாலும் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று நீ போட்ட உத்தரவுப்படி இந்தக் கடிதம். தபால் வந்து சேருவதற்குள் கோபம் ஆறிவிடும் என்பது உன் கணக்கு. பார்க்கலாம்.

நல்ல செய்தியோடுதான் ஆரம்பிக்கிறேன். தொலைநோக்கியில் எனக்கு நேரம் கொடுத்துவிட்டார்கள்! இரண்டு தடவை தள்ளிவிட்டவர்கள் மூன்றாவது தடவை ஒத்துக்கொண்டார்கள். ஏன் தள்ளினார்கள் என்று நீ கேட்டாய், நான் எரிச்சலில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன். புதிதாகப் பிறக்கும் பெரிய நட்சத்திரங்கள் பயங்கரச் சூடு. அவற்றின் வெளிச்சத்தில் பெரும்பங்கு புற ஊதாக் கதிராக வரும். அதை நம் காற்று மண்டலம் தரைக்கு விடாது. அதனால் செயற்கைக்கோளில் ஒரு தொலைநோக்கியை ஏற்றி மேலே சுற்றவிட்டிருக்கிறார்கள். நான் பார்க்க வேண்டியது ஒரு பக்கத்து கேலக்ஸி. பக்கம் என்றால் அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர இரண்டரைக் கோடி வருடம், அவ்வளவுதான். அது கிடக்கிற திசையில், அதற்குச் சம்பந்தமே இல்லாத நம் கேலக்ஸி நட்சத்திரம் ஒன்று குறுக்கே நிற்கிறது. அது அத்தனை பிரகாசம். அதை நேராகப் பார்த்தால் தொலைநோக்கியின் டிடெக்டர் பாழாகிவிடும் என்று பயந்து, என் கேலக்ஸியையே பார்க்கக் கூடாது என்றார்கள். தொலைநோக்கியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அந்த நட்சத்திரம் படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காட்டி, மல்லுக்கட்டி வாங்கியிருக்கிறேன்.

இந்தப் படம் வந்தால் என் ஆய்வு முடிந்த மாதிரி. உம்மாவிடம் சொல். துஆ செய்யச் சொல்.

வஸ்ஸலாம்,
உன் தஸ்னீம்


தொண்டி,
1 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை தஸ்னீமுக்கு ராத்தா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உம்மாவுக்கு இடது பக்கம் பலம். வலது கை அப்படியே இருக்கிறது, காலை இழுத்து இழுத்து வாசல்வரை நடக்கிறார்கள். ஆள் வைத்துப் பார்த்தோம். "அன்னியப் பொம்பள என்னைத் தொட வேணாம்" என்று இரண்டாம் நாளே விரட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சளி விட்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் செய்தியை நாலு தடவை படித்தேன். பாதி புரிந்தது. குறுக்கே நிற்கிற நட்சத்திரம் நன்றாகப் புரிந்தது.

என் பக்கமும் ஒரு செய்தி இருக்கிறது. உன் மச்சானின் கம்பெனி ஒருவழியாகக் குடும்ப விசாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது. எனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான். உம்மாவுக்குக் கிடைக்காது என்று விசாரித்துவிட்டார். ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் நாங்கள் தோஹாவில் போய் இறங்கிவிட வேண்டும். தவறினால் விசா போச்சு, மறுபடி கேட்டால் கம்பெனி தராது. சஃபாவுக்கு ஐந்து வயதாகிறது, போன் மணி அடித்தால் "வாப்பா வந்துருச்சு" என்கிறாள். அவளுக்கு வாப்பா என்றால் அந்தக் கருவிதான்.

உம்மா வாதம் வந்து விழுந்த அன்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் பேசிக்கொண்டதை நினைவுபடுத்துகிறேன். இரண்டு வருடம் நான் உம்மாவைப் பார்க்கிறேன், அதற்குள் நீ படிப்பை முடித்துவிட்டு வா, பிறகு நீ பார்த்துக்கொள், நான் மச்சானிடம் போகிறேன் என்றேன். நீ தலையாட்டினாய். வருகிற மார்ச்சோடு அந்த இரண்டு வருடமும் முடிகிறது. நான் நெருக்கவில்லை. தொலைநோக்கியை விட்டுவிட்டு அவள் எப்படி வருவாள் என்று இங்கே கேட்பவர்களிடமெல்லாம் உனக்காக வாதாடுவது நான்தான். வக்கீல் ஃபீஸ் வேண்டாம், ஆகஸ்டுக்கு முன் வந்து சேர்.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

இப்படிக்கு,
ஜுனைதா


பெங்களூரு,
6 மார்ச் 2024

என் ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகமா என்று கேட்காதே, பறந்துகொண்டிருக்கிறேன்.

படம் வந்துவிட்டது. கேலக்ஸியின் நடுவில் நட்சத்திரங்கள் பிறக்கும், அது எல்லோருக்கும் தெரியும். வெளி ஓரத்தில் வாயு மெலிந்து கிடக்கும், அங்கே ஒன்றும் பெரிதாகப் பிறக்காது என்பார்கள். ராத்தா, என் படத்தில் அந்த ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள்! ஒவ்வொன்றும் புதிதாகப் பிறந்த ஒரு நட்சத்திரக் கூட்டம். இதுவரை யாரும் பார்க்காதது. என் கைடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் யாருக்கும் அப்படி உட்காருவதில்லை.

பேப்பர் எழுத ஆரம்பித்துவிட்டேன். அது பத்திரிகைக்குப் போனால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதுவே. இன்ஷா அல்லாஹ், ஜூலையில் ஊரில் இருப்பேன். நீ சொல்வதுபோல் இப்போதைக்கு இதை விட்டு நகர வழியில்லை. பெருநாளைக்கு வர முடியாது, கோபித்துக்கொள்ளாதே.

உம்மாவின் இடது கைக்கு என் முத்தம். வலது கைக்கு இரண்டு.

தஸ்னீம்


தொண்டி,
26 மார்ச் 2024

அன்புள்ள தஸ்னீம்,

ஸலாம். நோன்பு ஒருவழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உம்மாவும் நோன்பு வைப்பேன் என்று அடம். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கடமை இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தை விட்டே சொல்லவைத்தேன். என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது. "எம் புள்ள யாரும் பாக்காததப் பாத்துருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்கள். பேச்சு இப்போது தெளிவாகவே வருகிறது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீயும் நல்லாத்தாண்டி படிச்ச" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனேன். பிறகு வந்து ஊட்டினேன்.

ஜூலை என்று நீ எழுதியதை உன் மச்சானிடம் சொல்லிவிட்டேன். மனிதர் ஒற்றை அறையை விட்டுவிட்டு இரண்டு அறை உள்ள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். மின்ஹாவுக்குப் பள்ளியில் இடம் சொல்லிவைத்திருக்கிறார். ஆகஸ்டில் போகிறோம் என்று நானும் நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சந்தோஷத்தை ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது.

உன் புள்ளிகள் நன்றாக இருக்கட்டும். ஈத் முபாரக், முன்கூட்டியே.

ஜுனைதா


பெங்களூரு,
22 மே 2024

ராத்தா,

ஸலாம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே மழை. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் நீ அழுதுவிடுவாய். உம்மாவுக்கு வெயில் தாங்குகிறதா? மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, பெரிய மீன் ஏதாவது கிடைக்கிறதா, கருவாட்டில்தான் ஓடுகிறதா?

கொஞ்சம் வேலை கூடியிருக்கிறது. பேப்பரைச் சரிபார்ப்பவர் சில கேள்விகள் கேட்டிருக்கிறார், வழக்கமாகக் கேட்பதுதான். ஜூலை என்றது அக்டோபராக ஆகலாம். மச்சானிடம் தேதியைத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாரேன். கேட்பதில் தப்பில்லையே.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

தஸ்னீம்


தொண்டி,
31 மே 2024

தஸ்னீம்,

ஸலாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

விசாவில் போட்ட தேதியைத் தள்ளுவதற்கு உன் மச்சான் அந்த நாட்டு ராஜா இல்லை, கிரேன் ஓட்டுகிறவர். கேட்பதில் தப்பில்லை என்கிறாய். தப்புதான். அவர் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுத்தான் ஆகஸ்ட்வரை வாங்கியிருக்கிறார்.

அது கிடக்கட்டும். மார்ச்சில் எழுதிய கடிதம் முழுக்கக் கேலக்ஸி. ஜனவரியில் எழுதியதும் கேலக்ஸி. இந்தக் கடிதத்தில் மழை இருக்கிறது, ஹாஸ்டல் சாப்பாடு இருக்கிறது, என் கருவாடு இருக்கிறது. உன் புள்ளிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, "ராத்தா, உனக்குத் தலை சீவிவிடவா?" என்று வருவாய். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

என்ன உடைந்தது? உள்ளதை எழுது.

ஜுனைதா


பெங்களூரு,
21 ஜூன் 2024

ராத்தா,

ஸலாம். பக்ரீத் அன்று அறையை விட்டு வெளியே வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

புள்ளிகள் பொய்.

சரிபார்த்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். இந்தப் புள்ளிகள் எல்லாம் கேலக்ஸியின் ஒரே பக்கத்தில், அந்தப் பிரகாசமான நட்சத்திரம் நிற்கிற பக்கத்தில் மட்டும் இருப்பது ஏன்? எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டோம், தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். அது வெளியே நின்றுகொண்டே தன் வெளிச்சத்தைத் தொலைநோக்கிக் குழாய்க்குள் விட்டிருக்கிறது. உள்ளே பட்டுத் தெறித்த வெளிச்சம்தான் என் நட்சத்திரக் கூட்டங்கள்.

அதே கேலக்ஸியை ஏப்ரலில் இன்னொரு தடவை எடுத்தார்கள். அப்போது செயற்கைக்கோள் சற்றுத் திரும்பி இருந்தது. காளிதாஸ் என்று என் லேபில் ஒரு பையன், கடலாடிக்காரன். மார்ச்சிலிருந்து அவன் ஊரில்தான் இருக்கிறான், அவன் அய்யாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினான். "தஸ்னீம், கேலக்ஸி கெடந்த எடத்துலயே கெடக்கு, ஒன் புள்ளி மட்டும் சேந்து திரும்புதே, பாத்தியா?" என்றான். நிஜமாக அங்கே இருக்கிற நட்சத்திரமாக இருந்தால் கேலக்ஸியோடு அசையாமல் இருக்க வேண்டும். தொலைநோக்கி திரும்பினால் கூடவே திரும்புவது தொலைநோக்கியின் கோளாறு. இதை முதல் வருட மாணவிகூடச் சோதித்திருப்பாள். படம் கிடைத்த மயக்கத்தில் நான் சோதிக்கவில்லை. சண்டை போட்டு வாங்கிய படமாயிற்றே, அதில் குறை இருக்கும் என்று மனசு ஒப்பவில்லை.

பேப்பரைத் திரும்பப் பெற்றுவிட்டேன். கைடு திட்டவில்லை, திட்டியிருக்கலாம். எந்தப் புள்ளி பொய், எது நிஜம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். அது முடியாமல் ஆய்வேடு இல்லை. டிசம்பர் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது, ராத்தா. இதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மழையைப் பற்றி எழுதினேன்.

துஆ செய்.

தஸ்னீம்


தொண்டி,
2 ஜூலை 2024

தஸ்னீம்,

ஸலாம். உம்மா நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பெருநாளும் அதுவுமாகத் தனியாக அறைக்குள் கிடந்தாயே என்று அழுதேன். தப்பு எல்லோருக்கும் வரும், பேப்பரைத் திரும்ப வாங்கினாயே, அதற்குத் தைரியம் வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை படித்தேன்.

அந்தப் பையன் கடலாடியில் இருக்கிறான் என்கிறாய். மார்ச்சிலிருந்து இருக்கிறான். அங்கிருந்தே வேலை பார்க்கிறான். கடலாடியில் தொலைநோக்கி இருக்கிறதா?

தொலைநோக்கி வானத்தில் சுற்றுகிறது என்று நீதான் எழுதினாய். படம் கம்ப்யூட்டருக்கு வருகிறது. அந்தக் கம்ப்யூட்டர் கடலாடியில் இருந்தாலும் வேலை நடக்கிறது. அப்படியானால் தொண்டியில் ஏன் நடக்காது? நம் வீட்டு மாடியில் மச்சான் போட்ட இன்டர்நெட் இருக்கிறது. மின்ஹா அதில் கார்ட்டூன் பார்க்கிறாள். இரண்டு வருடமாக, தொலைநோக்கியை விட்டு அவளால் வர முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. நீ அதைப் படித்தாய். அப்படி இல்லை ராத்தா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "நகர வழியில்லை" என்று மார்ச்சில் உன் கைப்பட எழுதியிருக்கிறாய்.

அவன் அய்யாவுக்கு இடுப்பு. நம் உம்மாவுக்குக் கை, கால். அவன் போனான்.

எனக்கு வேறு ஒன்றும் தெரிய வேண்டாம். நீ ஏன் வரவில்லை?

ஜுனைதா


தொண்டி,
7 ஆகஸ்ட் 2024

தஸ்னீமுக்கு,

ஸலாம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பதில் இல்லை. மூன்று தடவை போன் பண்ணினேன், எழுதித்தான் பேச வேண்டும் என்று சொன்ன நானே பண்ணினேன். நீ எடுக்கவில்லை. உன் மச்சான் பண்ணினார், அவரையும் எடுக்கவில்லை.

உம்மாவிடம் காளிதாஸ் விஷயத்தைச் சொன்னேன். என் பக்கம் பேசுவார்கள் என்று ஒரு நப்பாசை. "படிக்கிற புள்ளைய இழுக்காத ஜுனைதா. ஒனக்கு என்ன, இங்கன வீடு இருக்கு, நான் இருக்கேன்" என்றார்கள். அன்றைக்கும் நான்தான் குளிப்பாட்டிவிட்டேன்.

பெட்டி ஒன்றைப் பாதி அடுக்கி வைத்திருக்கிறேன். சஃபா தினமும் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வருகிறாயா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்றாவது எழுது.

ஜுனைதா


பெங்களூரு,
26 ஆகஸ்ட் 2024

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

உன் கேள்விக்கு ஐம்பது தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். போன் அடித்தபோது அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். வர முடியாமல் இல்லை. வர மனமில்லை. லேபில் கேட்டிருந்தால் முதல் வருடமே விட்டிருப்பார்கள். நான் கேட்கவே இல்லை.

பயம், ராத்தா. வந்தால் அந்த வீடு என்னைத் திரும்ப விடாது என்ற பயம். உன்னைப் பார்த்துத்தான் அந்தப் பயம் வந்தது. நீ பி.எட். படிக்கப் பணம் கட்டிவிட்டு நிக்காஹ் ஆகிப் போனாய். பிறகு மின்ஹா, பிறகு சஃபா, பிறகு உம்மா. ஒவ்வொரு தடவையும் ஒரு வருடம்தான் என்று சொல்வாய். உம்மாவைத் தூக்க, துடைக்க, அதட்டி மாத்திரை கொடுக்க என்னால் முடியுமா என்றும் தெரியவில்லை. பெருநாளைக்கு வந்து மூன்று நாள் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டும். தொலைநோக்கியை விட்டு வர முடியாது என்று நீயே சொல்லிக்கொண்டாய், எனக்கு அது வசதியாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

இப்போது கைடிடம் கேட்டுவிட்டேன். ஊரிலிருந்தே வேலை செய் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். புள்ளிகளைப் பிரித்ததில் மூன்று மட்டும் நிஜம் என்று தெரிகிறது. மூன்றும் தொலைநோக்கி எப்படித் திரும்பினாலும் கேலக்ஸியில் அசையாமல் நிற்கின்றன. அது போதும், அதை வைத்து எழுதுவேன். தொண்டியில் உட்கார்ந்து எழுதுவேன்.

ஹாஸ்டல் அறையைக் காலி செய்கிறேன். செப்டம்பர் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை காலை வீட்டுக்கு வந்துவிடுவேன். மச்சானிடம் சொல்லித் தேதியை ஒரு வாரம் மட்டும் தள்ளச் சொல், இது கடைசி. நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. உம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரியாததை எழுதி வைத்துவிட்டுப் போ.

மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன், நேரில் வந்து கேட்கிறேன்.

உன் தஸ்னீம்


தொண்டி,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள தஸ்னீம்,

வ அலைக்குமுஸ்ஸலாம். நானும் பிள்ளைகளும் நலம். உம்மாவுக்கு நேற்றிலிருந்து லேசான காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை. இதைத் தபாலில் போட்டால் நீ கிளம்புவதற்குள் கிடைக்காது என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் கடிதம் முந்தாநாள் மாலை வந்தது. நேற்று ஆகஸ்ட் முப்பத்தொன்று. விசா முடிந்துவிட்டது.

ஒரு வாரம் தள்ளச் சொல் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. உன் மச்சான் இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டுப் பார்த்துவிட்டார். அந்த வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தை விட்டுவிட்டு மறுபடி ஒற்றை அறைக்கே போய்விட்டார். மின்ஹாவை இங்கேயே பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டேன். பெட்டியில் அடுக்கியதை எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று. சஃபாவுக்குத்தான் ஏமாற்றம், ஏறி உட்காரப் பெட்டி இல்லை.

பயமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் தஸ்னீம், அந்தப் பயம் உனக்கு மட்டும் வந்தது என்று நினைத்துக்கொண்டாயா? இந்த வீடு என்னைத் திரும்ப விடாது என்று நானும் பயந்தேன். உனக்கு அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு உட்கார பெங்களூரில் ஓர் அறை இருந்தது. எனக்கு உம்மா இருந்தார்கள். உம்மாவைத் தூக்க உனக்குத் தெரியாது என்கிறாய். எனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நீ வா. வர வேண்டாம் என்று சொல்ல இது என் வீடு மட்டும் இல்லை. மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். உன் மூன்று நட்சத்திரங்களையும் வைத்து எழுதி முடி, எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம்தான், உம்மாவைப் போல ஊரெல்லாம் சொல்லத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். ஆனால் ராத்தாவை அனுப்பி வைக்க வந்தேன் என்று மட்டும் வாசலில் நின்று யாரிடமும் சொல்லாதே. நான் எங்கேயும் போகவில்லை.

ராமநாதபுரத்தில் இறங்கியதும் உம்மாவின் பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொள், இங்கே தீர்ந்துவிட்டது.

ஜுனைதா